வீட்டாரின் கையொப்பம்: எமது கல்லூரியில் பெண் சாரணியம்

எமது கல்லூரியின் சாரணியர் குழுவைப் பற்றி எழுதுவோர் வழக்கமாக விருதுகளிலிருந்தும் கொடிகளிலிருந்தும் தொடங்குவார்கள். பரிசளிப்பு விழா அறிக்கைகளில் எஞ்சியிருப்பவையும் அவைதாம். ஆனால் இந்த மலருக்காகச் சாரணிய நினைவுகளை எழுதி அனுப்பும்படி பழைய மாணவிகளைக் கேட்டபோது எமக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் விருதுகளைப் பற்றி அதிகம் இருக்கவில்லை. வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினோம் என்பதைத்தான் பெரும்பாலானோர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அப்பாவிடம் யார் போய்க் கேட்டது, அம்மம்மா எத்தனை நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை, எந்த மிஸ் வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து தேநீர் குடித்த பிறகு காரியம் நடந்தது, இப்படி. லண்டனிலிருந்து எழுதிய ஒருவர் தமக்குச் சம்மதம் கிடைக்கவே இல்லை என்பதை மட்டும் ஐந்து வரியில் எழுதி அனுப்பியிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வருத்தம் அவருக்கு ஆறவில்லை.

ஆகவே நாமும் அந்தக் கையொப்பத்திலிருந்தே இந்த வரலாற்றைச் சொல்ல எண்ணினோம்.

சாரணியம் பிறந்த கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கு ஒரு பாசறை நடத்தினார். அடுத்த ஆண்டு அவருடைய நூல் வந்தது. 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் சாரணர்கள் திரண்டபோது அழையாத விருந்தாளிகளாகச் சில பெண் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். தாமும் சாரணர்கள்தான் என்றார்கள். அதன் விளைவாக 1910இல் பெண்களுக்கெனத் தனி இயக்கம் அமைந்தது. பேடன் பவலின் சகோதரி அக்னஸ் அதற்குத் தலைமை ஏற்றார். அந்த நாளில் அங்கேயும் பெற்றோர் இதை எளிதில் ஏற்கவில்லை. பெண் பிள்ளைகள் கம்போடு காட்டில் திரிவதா என்ற கேள்வி எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. 1912இல் அக்னஸ் தம் சகோதரரோடு சேர்ந்து வெளியிட்ட கைந்நூலின் தலைப்பிலேயே பேரரசைக் கட்டியெழுப்பப் பெண்கள் எவ்வாறு உதவலாம் என்ற செய்தி இருந்தது. பிள்ளையைக் கெடுக்கமாட்டோம், நாட்டுக்குப் பயனுள்ளவளாக ஆக்குவோம் என்று வீட்டாருக்குச் சொல்லும் உறுதிமொழி அது. அந்தப் பேரரசு எமதல்ல என்பது வேறு விடயம்.

இலங்கைக்கு இது 1917 மார்ச் 21இல் வந்தது. கண்டி மகளிர் உயர்தரப் பாடசாலையில் ஜெனி கல்வர்லி அம்மையார் முதலாவது குழுவைத் தொடங்கினார். சிறுவர் சாரணியம் அதற்கு ஐந்தாண்டுகள் முன்னர், 1912இல், மாத்தளையில் தொடங்கியிருந்தது. மலைநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் இது ஆசிரியைகளின் பெட்டிகளோடு வடக்கே வந்தது. ஒரு கல்லூரியிலிருந்து மறு கல்லூரிக்கு மாற்றலாகும் ஆசிரியை, பாடப்புத்தகங்களோடு ஒரு விசிலையும் ஒரு கயிற்றுத் துண்டையும் கொண்டு வருவார். மறு தவணையில் அங்கே ஓர் அணி இருக்கும்.

யாழ்ப்பாணத்து வீடுகள் பெண் பிள்ளையைப் படலைக்கு வெளியே அனுப்புவதில் ஏற்கனவே ஒரு நூற்றாண்டுத் தயக்கத்தைக் கடந்து வந்திருந்தன. 1824இல் உடுவிலில் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அவர் பட்ட பாடு பெரிது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணை யார் கட்டுவான் என்ற காலம் அது. நூறு ஆண்டுகள் கழித்து, படித்த பெண்ணுக்கே நல்ல இடம் அமையும் என்று அதே வீடுகள் பேசத் தொடங்கியிருந்தன. ஆனால் படிப்பு என்பது வாங்கில் இருந்து செய்வது. சாரணியமோ ஓடச் சொன்னது, மரத்தில் கயிறு கட்டச் சொன்னது, பொழுதுபட்ட பின்னும் தீயைச் சுற்றி இருந்து பாடச் சொன்னது.

எமது தாய்மாரும் பேர்த்தியாரும் சொல்லக் கேட்டவற்றில் மூன்று எதிர்ப்புகள் திரும்பத் திரும்ப வந்தன. முதலாவது விசில். பொம்பிளைப் பிள்ளை சீழ்க்கை அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஆச்சிமார் நம்பினார்கள். விசிலுக்கும் சீழ்க்கைக்கும் வேறுபாடு உண்டு என்று அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை. இரண்டாவது இடக்கை. உலகெங்கும் சாரணியர் இடக்கையால்தான் கைகுலுக்குவார்கள். இதயத்துக்கு அருகிலுள்ள கை என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. இடக்கையால் ஒரு வெற்றிலையைக்கூட நீட்டக்கூடாத ஊரில், சின்னஞ்சூட்டு விழாவில் அதிபர் அம்மா மேடையில் நின்று தம் பிள்ளைக்கு இடக்கையை நீட்டியதைக் கண்டு எழுந்து போன ஒரு பெரியப்பாவின் கதை எமது குழுவில் பல காலம் உலவியது. மூன்றாவது சமயம். சாரணிய வாக்குறுதியின் முதற்பகுதி கடவுளுக்குரிய கடமையைப் பற்றியது. வெள்ளைக்கார மிஸ் சொல்லிக் கொடுக்கும் கடவுள் எந்தக் கடவுள் என்று சைவ வீடுகள் கேட்டது நியாயமானதே. அவரவர் சமயத்தின்படியே வாக்குறுதி எடுக்கலாம் என்ற விதி தொடக்கத்திலிருந்தே இருந்தது என்றாலும், அதை வீட்டுக்கு வந்து சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

நான்காவது ஒன்றும் இருந்தது. அதை யாரும் எழுதி அனுப்பவில்லை. நேரில் கேட்டபோதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பாசறையில் ஒரே பானையில் சமைப்பார்கள், ஒரே வரிசையில் இருந்து சாப்பிடுவார்கள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசின் நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டளை வந்தபோது குடாநாட்டில் பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அந்த நெருப்பு அணைந்து நெடுங்காலம் சென்ற பின்னரும், எமது கல்லூரிப் பாசறைக்கு வீட்டுச் சோற்றைத் தூக்குச் சட்டியில் கொண்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். பிள்ளைக்கு வயிற்றுக் கோளாறு என்று கடிதத்தில் எழுதியிருக்கும். என்ன கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். சில பொறுப்பாசிரியைகள் அந்தக் கடிதத்தைப் பேசாமல் ஏற்றுக்கொண்டார்கள். சேராமல் விடுவதிலும் பார்க்கச் சட்டியோடாவது வரட்டும் என்பது அவர்கள் எண்ணம். எமக்கு இன்று அது சரியாகப் படவில்லை. அந்தச் சட்டி திறக்கப்பட்டபோது பக்கத்தில் இருந்த மற்றப் பிள்ளை என்ன நினைத்திருப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. சகோதரத்துவத்தைப் பற்றிச் சாரணிய விதியை மனனம் செய்து ஒப்புவித்த அதே பிள்ளைகள்தாம் நாம். ஒரு மூத்த சகோதரி இதைச் சொல்லிவிட்டு, மலரில் போடுங்கோ, ஆனால் ஆர் எண்டு போடாதேயுங்கோ என்றார். போட்டிருக்கிறோம்.

வீடுகளை வென்ற ஆசிரியைகளின் வழிமுறை மிகவும் எளிமையானது. கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமைகளில் சயிக்கிளிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போனார்கள். முதலில் பேசியது தகப்பனோடு அல்ல, அந்த வீட்டு அப்பம்மாவோடு அல்லது அம்மம்மாவோடு. அவர் ஓம் என்றால் வீட்டில் வேறு யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை. பிறகு, பிள்ளை மூன்று நான்கு கிழமை சும்மா வந்து பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் நிற்கட்டும் என்பார்கள். சீருடையைப் பற்றி அப்போது பேச்சே எடுப்பதில்லை. காசு செலவழிக்க முன்னரே பிள்ளை அணியில் ஒருத்தியாகிவிடுவாள். ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணிக்கு ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ இருக்கும். எங்கட அணி என்று பிள்ளை வீட்டில் சொல்லத் தொடங்கினால் அதற்குப் பின் தடுப்பது கடினம்.

அந்தச் சில கிழமைகளில் பிள்ளை வாக்குறுதியையும் விதியையும் பாடமாக்க வேண்டும். கொடியின் பொருள் தெரிய வேண்டும். மூன்று விரல் வணக்கம், சில முடிச்சுகள், கட்டுப் போடுதல் ஆகியவற்றைப் பழக வேண்டும். முடிச்சைப் பழகியது பெரும்பாலும் கிணற்றடியில்தான். துலாக் கயிற்றில் ஐயா போடும் முடிச்சும் மிஸ் சொல்லித் தரும் முடிச்சும் ஒன்றே என்று கண்டுபிடித்த ஒரு பிள்ளையின் வீட்டில் அன்றோடு எதிர்ப்பு முடிந்தது. ஆங்கிலப் பெயர் வைத்து எங்கட வேலையைத்தானே பழக்குகினம் என்று அந்த ஐயா சொன்னாராம்.

பிறகு சின்னஞ்சூட்டு விழா. பிள்ளைகள் லாட வடிவில் நிற்க, புதியவள் நடுவில் வந்து வாக்குறுதி சொல்லி மூவிலைச் சின்னத்தை ஏற்பாள். மூன்று இலைகளும் வாக்குறுதியின் மூன்று பகுதிகளைக் குறிப்பன. இந்த விழாவுக்கு வீட்டார் வராமல் சின்னம் குத்துவதில்லை என்பது எமது கல்லூரியில் எழுதாத சட்டம். தாய் வரமுடியாவிட்டால் பெரியம்மா, அவரும் முடியாவிட்டால் அயல் வீட்டு அன்ரி. யாராவது ஒருவர் வந்து பார்த்தே ஆகவேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கான பிரிவின் விழா இன்னும் அழகானது. பிரித்தானியாவில் 1914இல் ரோஸ்பட் என்ற பெயரோடு தொடங்கி, விரைவிலேயே பிரவுணி என்று பெயர் மாறிய பிரிவு அது. இப்போது இலங்கையில் அவர்களை லிட்டில் பிரெண்ட்ஸ் என்கிறோம். ஆள் அறியாமல் வீட்டு வேலைகளைச் செய்து வைத்துவிட்டு மறையும் குட்டித் தேவதையின் பெயர்தான் பிரவுணி. ஜூலியானா ஹொரேஷியா யூவிங் எழுதிய ஒரு கதையில் வருவது. அந்தத் தேவதை எங்கே என்று தேடிப் போகும் பிள்ளை குளத்து நீரில் தன் முகத்தையே காண்பாள். விழாவில் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துச் சுற்றிலும் இலையும் பூவும் பரப்பினால் அதுதான் குளம். பிள்ளையைச் சுற்றிவிட்டு எட்டிப் பார்க்கச் சொல்வார்கள். எமது கல்லூரியில் அந்தக் கண்ணாடி ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து வரும். தாயின் சீதனத்தோடு வந்த கண்ணாடியாகவும் இருக்கும். பழைய துணியில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வருவார்கள். யாருடைய கண்ணாடி இம்முறை என்பதில் வகுப்புத் தாய்மாருக்கிடையே போட்டி இருந்ததாகவும் அறிகிறோம்.

திறமைச் சின்னங்களிலும் வீட்டாருக்கு ஒரு பங்கு இருந்தது. சமையல், தையல், குழந்தை பராமரிப்பு போன்ற சின்னங்களுக்கு வீட்டில் செய்த வேலையைத் தாய் பார்த்து ஒப்பமிட வேண்டும். பிள்ளை கரிய வைத்த புட்டுக்கு ஒப்பமிட மறுத்த தாய்மார் உண்டு. எம்மில் இளையவர்கள் சிலர், இது பெண்ணைக் குசினிக்குள் தள்ளும் வேலைதானே என்று கேட்டார்கள். ஓரளவு அப்படித்தான். ஆனால் அதே பிள்ளை கைக்கொடியால் செய்தி அனுப்பவும், திசையறி கருவியை வைத்து வழி காணவும், முறிந்த எலும்புக்கு மட்டை வைத்துக் கட்டவும் பழகினாள். சமையல் சின்னம் வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டு. உள்ளே போனபின் நடந்தவை வேறு.

1940களிலிருந்து 1970கள் வரையான காலத்தை விரைவாகவே கடக்கலாம். குழு நன்றாக நடந்த காலம் அது. நன்றாக நடந்ததைப் பற்றி எழுத அதிகம் இருப்பதில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் கல்லூரிக்கு வரும் வீடுகள் பலவாயின. சீருடைக்குக் காசில்லாத பிள்ளைகளும் வந்தார்கள். அப்போதுதான் தகரப் பெட்டி ஒன்று குழுவின் அறைக்கு வந்தது. வளர்ந்துவிட்ட பிள்ளை தன் நீலச் சீருடையைத் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவாள். அடுத்தவள் எடுப்பாள். கழுத்தின் உட்புறத்தில் முதலெழுத்துகள் தைத்திருக்கும். மூன்று நான்கு பேருடைய எழுத்துகள் ஒரே சட்டையில் இருந்ததுண்டு. ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட வாக்குறுதி தமிழுக்கு மாறியது. இலங்கைச் சங்கம் 1951இல் உலகச் சங்கத்தின் முழு உறுப்புரிமையைப் பெற்றது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1972இல் நாடு குடியரசானதும் மகாராணி வாக்குறுதியிலிருந்து போய்விட்டார். 1966இல் இந்தியாவில் பூனே நகரில் உலகச் சங்கத்தின் நிலையம் ஒன்று திறக்கப்பட்டு அதற்குச் சங்கம் என்று பெயர் வைத்தபோது, அது எங்கட சொல் என்று ஒரு வாரம் பெருமை பேசினோம். போய்ப் பார்க்கத்தான் ஒருவருக்கும் வாய்க்கவில்லை.

1980களின் நடுப்பகுதியிலிருந்து நிலைமை மாறியது. பாசறை என்பது முற்றாக நின்றது. பிறகு சீருடையே ஆபத்தானது. இடுப்புப் பட்டி, விசில், கயிறு, பேனாக்கத்தி, இவற்றோடு ஒரு பெண் பிள்ளை வீதியில் போவதை நினைத்தாலே வீடுகள் நடுங்கின. பயிற்சி என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்க முடியாத காலம். அது எந்தப் பயிற்சி என்று கேட்டுவிட்டு அழத் தொடங்கிய தாய் ஒருத்தியைப் பற்றி அக்காலத்துப் பொறுப்பாசிரியை எமக்குச் சொன்னார். சில வீடுகளில் மூத்த பிள்ளை ஏற்கனவே சொல்லாமல் போயிருந்தாள். மிச்சமிருக்கும் பிள்ளையை எதிலும் சேர்க்கச் சொல்லிக் கேட்க எந்த ஆசிரியைக்கும் வாய் வரவில்லை. சீருடையை விட்டு, வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் சின்னத்தை மட்டும் குத்திக் கூடினார்கள். பிறகு சின்னத்தையும் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் வகுப்பறைக்குள் நடந்தது, முதலுதவி வகுப்பு என்ற பெயரில். மின்கலமும் எரிபொருளும் வராத குடாநாட்டில் காயத்துக்குக் கட்டுப் போடக் கற்பதற்கு எந்தத் தாயும் மறுப்புச் சொல்லவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. அந்த இரவைப் பற்றி எழுத வேண்டியவர்கள் ஏற்கனவே எழுதிவிட்டார்கள். குழுவைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறோம். பதிவேடும் கொடியும் தகரப் பெட்டியும் கல்லூரியிலேயே விடப்பட்டன. திரும்பி வந்தபோது அவை இல்லை. அதனால்தான் குழு தொடங்கிய நாள் முதல் யார் யார் இருந்தார்கள் என்ற பட்டியலை எம்மால் இந்த மலரில் தர முடியவில்லை.

தென்மராட்சியில் பாடசாலைக் கட்டடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் மர நிழலிலும் குடும்பங்கள் தங்கின. ஒரு வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பங்கள். எமது மாணவியர் மூவர் அப்படி ஓரிடத்தில் தற்செயலாக ஒன்றாகச் சேர்ந்தார்கள். முதல் நாளே மலகூடக் குழி எங்கே வெட்டுவது என்ற பேச்சு வந்தது. கிணற்றிலிருந்து எட்ட, நிலத்தின் தாழ்ந்த பக்கம், காற்றுப் படாத திசை என்று மூன்று பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்களாம். பாசறைக்கே போகாத பிள்ளைகள். கரும்பலகையில் படம் கீறிப் படித்தது. குடிநீரைக் கொதிக்க வைக்கும் முறையை வரிசைப்படுத்தினார்கள். சிறு பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து விளையாட்டுக் காட்டினார்கள். அணிகளுக்குப் பூப் பெயர் வைத்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தகப்பன், நான்கு ஆண்டுகள் முன்னர் ஒரு நாள் பயிற்சி முகாமுக்கு ஒப்பமிட மறுத்தவர். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, எங்கை வெட்ட வேணும் பிள்ளை, காட்டு என்றார். அந்தப் பிள்ளை இன்று ரொறன்ரோவில் இருக்கிறார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது, எனக்கு வேற சேர்ட்டிபிக்கற் ஒண்டும் தேவைப்படேல்லை என்றார்.

1996இல் மக்கள் திரும்பினார்கள், கல்லூரியும் திரும்பியது. சாரணியம் உடனே திரும்பவில்லை. பொறுப்பாசிரியை கொழும்புக்குப் போயிருந்தார். அணித் தலைவியர் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறிவிட்டார்கள். இருமுறை அதிபர் அறிவித்தல் பலகையில் அறிவித்தலைப் போட்டார். ஒரு பெயரும் வரவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து சாரணிய அலுவலர்கள் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பிள்ளைகள் ஆர்வமாகக் கைதூக்கினார்கள். வீட்டுக்குப் போன படிவங்களில் திரும்பி வந்தவை மிகச் சில.

அப்போது எமது பழைய மாணவி ஒருவர் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். தாமும் சாரணியராக இருந்தவர், அப்போது ஒரு பெண் பிள்ளையின் தாய். படிவம் ஏன் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் பிள்ளைகளை அழைக்கவில்லை, தாய்மாரை அழைத்தார். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வகுப்பறையில் ஒரு தேநீர். வந்த பதினொரு பேரில் நான்கு பேர் பழைய சாரணியர். ஒரு கயிற்றை மேசையில் வைத்து, முடிச்சுப் போடுங்கோ பார்ப்பம் என்றார். இருபது ஆண்டுகளாகத் தொடாத விரல்கள் ஒரு நிமிடம் தடுமாறிவிட்டுச் சரியாகப் போட்டன. மற்றத் தாய்மார் தமக்கும் சொல்லித் தரும்படி கேட்டார்கள். அன்றைக்குப் படிவமே கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு தாய்மார் ஆறு பிள்ளைகளோடு வந்தார்கள். குழு மீண்டும் தொடங்கியது அந்த ஆறு பேரோடுதான்.

இதை விரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பல நாடுகளிலும் இருக்கும் எமது சகோதரிகள், மகளை அல்லது பேர்த்தியை இதில் சேர்க்க விரும்புகிறோம், எப்படி என்று எம்மிடம் கேட்கிறார்கள். ஊரிலும் கேட்கிறார்கள்.

ஊரில் இன்றைய எதிரி பயமல்ல, ரியூசன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை சிறு பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. பரீட்சை முடிந்ததும் தரம் 6க்கான வகுப்பு தொடங்கிவிடும். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள சில மாதங்களே எமக்குக் கிடைக்கும் வாசல். அப்போது பிடித்துவிட்டால் பிள்ளை நிற்பாள். சனிக்கிழமை கூட்டத்தை வைத்தால் ரியூசனோடு மோதும். அதனால் வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டவுடன் வைத்து, ஒன்றரை மணி நேரத்தில் சொன்ன நேரத்துக்கு முடிப்பது வழக்கமாகிவிட்டது. சொன்ன நேரத்துக்கு முடிப்பது மிக முக்கியம். தாமதமாக ஒரு நாள் விட்டால் அடுத்த கிழமை இரண்டு பிள்ளை குறையும். 2022இல் விலைவாசி ஏறியபோது புதிய சீருடை தைப்பது பல வீடுகளுக்கு எட்டாததாகியது. பழைய தகரப் பெட்டியின் இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. முதலெழுத்துத் தைக்கும் பழக்கத்தையும் மறுபடி கொண்டு வந்திருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் கதை வேறு. பிரித்தானியாவில் 1987இல் ரெயின்போஸ் என்ற மிகச் சிறு பிள்ளைகளுக்கான பிரிவு தொடங்கியது. இப்போது நான்கு வயதிலேயே சேரலாம். கனடாவில் பிரவுணி என்ற பெயரை மண்ணிறத் தோலுள்ள பிள்ளைகள் சிலர் தம்மைக் குறிப்பதாக உணர்ந்ததால், 2023இல் அதை எம்பர்ஸ் என்று மாற்றினார்கள். பெயரைப் பதிவது கணினியில் சில நிமிட வேலை. ஆனால் பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். பிள்ளைகள் இருக்கிறார்கள், நடத்துவதற்குப் பெரியவர்கள் போதாது. நான் உதவிக்கு வருகிறேன் என்று தாய் சொன்னவுடனே இடம் கிடைத்தது என்று லண்டனிலிருந்து இருவர் எழுதியிருந்தார்கள். முதலில் தேநீர் ஊற்றவும் காலணி நாடா கட்டவும் போனவர்கள், இப்போது பயிற்சி பெற்றுப் பிரிவையே நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் ஆரம்பத்தில் நாம் சொன்ன, சம்மதம் கிடைக்காத அந்தச் சகோதரி. தம் பேர்த்திக்காகப் போனவர். பேர்த்தி இரண்டு ஆண்டுகளில் நீச்சலுக்கு மாறிவிட்டாள். அம்மம்மா இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்.

அங்கேயும் இரவுத் தங்கல் என்றவுடன் எமது வீடுகளில் பழைய குரல் எழுவதாகச் சொல்கிறார்கள். பொம்பிளைப் பிள்ளை வேறு இடத்தில் படுக்கிறதோ என்று கேட்பது இப்போது ஆச்சி அல்ல, எம்மோடு ஒரே அணியில் இருந்தவர்கள். அவர்களைப் பழிக்க எமக்கு மனமில்லை. எமது தாய்மார் பயந்ததற்குக் காரணம் இருந்தது, இவர்கள் பயப்படுவதற்கும் இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேளுங்கள். யார் கூடப் படுப்பது, பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களைப் பற்றிப் பொலிஸ் பதிவு பார்த்திருக்கிறார்களா, இரவில் பிள்ளை அழுதால் யாரை எழுப்புவது, சைவச் சாப்பாடு உண்டா. நல்ல பொறுப்பாளர் இந்தக் கேள்விகளுக்குச் சினக்கமாட்டார். சினப்பவரிடம் பிள்ளையை விடவேண்டாம். ஒரு இரவு மட்டும் என்றால் முதலில் அதற்கு அனுப்புங்கள். அதற்கும் மனம் வராவிட்டால், சமைக்க ஆள் வேண்டுமா என்று கேட்டு நீங்களும் கூடப் போங்கள்.

பெப்ரவரி 22 பேடன் பவல் தம்பதியர் இருவரதும் பிறந்தநாள். 1926இலிருந்து உலகெங்கும் சாரணியர் ஒருவரையொருவர் நினைக்கும் நாளாக அது இருந்து வருகிறது. எமது கல்லூரியில் சின்னஞ்சூட்டு விழா இப்போது அந்த நாளை ஒட்டிய வெள்ளிக்கிழமை நடைபெறுகிறது. இவ்வாண்டும் பிற்பகல் இரண்டரை மணிக்குப் பழைய மண்டபத்தில். ஊரில் நிற்கும் பழைய மாணவிகள் வரலாம். வீட்டில் பெரிய கண்ணாடி இருப்பவர்கள் முன்கூட்டியே பொறுப்பாசிரியைக்கு அறிவித்தால் நல்லது. போன ஆண்டு வந்த கண்ணாடி ஓட்டோவில் கொண்டுவரும்போது ஓரம் உடைந்துவிட்டது.